மருந்து பேட்டண்ட்: புது மருந்து வர உதவுதா, குறுக்க நிக்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து விலை பத்தி பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி கிளம்பிடும். பேட்டண்ட், அதாவது காப்புரிமை, இல்லாட்டி புது மருந்தே வராதுன்னு ஒரு கட்சி, பேட்டண்டே பகல் கொள்ளைன்னு இன்னொரு கட்சி. என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நடுநிலையா நடிக்கறான்னு யாரும் திட்டக்கூடாது பாருங்க. ஒரு புது மாலிக்யூலுக்கு, அதாவது மருந்தா வேலை செய்யற வேதிப்பொருளுக்கு, வாங்கற முதல் பேட்டண்ட் பெரும்பாலும் உதவுது. அதே மாலிக்யூல் மேல பின்னாடி அடுக்கடுக்கா வாங்கற பேட்டண்ட் பெரும்பாலும் கெடுக்குது. இது ரெண்டுக்கும் வெளிய, பேட்டண்ட் எவ்வளவு நீட்டினாலும் மருந்தே வராத நோய்னு ஒரு பெரிய கூட்டம் இருக்கு. கீழ இருக்கற பதில் எல்லாம் இந்த மூணையும் சுத்தி தான் போகும்.

பேட்டண்ட் வாங்கினா கம்பெனிக்கு சரியா என்ன கிடைக்குது?

அதே மருந்தை செஞ்சு விக்காம மத்தவங்களை தடுக்கற உரிமை, அவ்வளவு தான். மருந்தை விக்கற உரிமை அதுல வராது, அதுக்கு மருந்து கட்டுப்பாட்டு அமைப்புகிட்ட தனியா அனுமதி வாங்கணும். விண்ணப்பம் போட்ட தேதியிலேர்ந்து 20 வருஷம், இது 1995ல அமலுக்கு வந்த, அறிவுசார் சொத்து பத்தின டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு அப்புறம் உலக வர்த்தக அமைப்புல இருக்கற நாடுகளுக்கு குறைஞ்சபட்ச விதி ஆயிடுச்சு, ரொம்ப ஏழை நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொதுவா ஒவ்வொரு நாட்லயும் தனித்தனியா வாங்கணும், உலகம் முழுக்க செல்லுபடியாகற பேட்டண்ட்னு ஒண்ணு கிடையாது. பதிலுக்கு கம்பெனி கண்டுபிடிப்பை முழுசா எழுதி வெளியிடணும், இது தான் டீல்.

ஒரே மருந்துக்கு பல பேட்டண்ட் இருக்கும்ங்கறது நிறைய பேருக்கு தெரியாது. மாலிக்யூலுக்கு ஒண்ணு, அதை தயாரிக்கற முறைக்கு ஒண்ணு, அதோட உப்பு வடிவத்துக்கு, கிரிஸ்டல் வடிவத்துக்கு, மாத்திரையோட மேல் பூச்சுக்கு, டோஸுக்கு, வேற நோய்க்கு பயன்படுத்தறதுக்குன்னு வரிசையா போகும். சண்டை எல்லாம் இங்க தான், பின்னாடி வரேன்.

20 வருஷமும் உக்காந்து சம்பாதிக்கலாமா?

முடியாது. மாலிக்யூல் லேப்ல கிடைச்ச உடனே ஓடிப்போய் விண்ணப்பம் போட்டுடுவாங்க, இல்லாட்டி வேற யாராவது முந்திடுவாங்க. அப்புறம் தான் விலங்கு சோதனை, மனுஷங்க மேல மூணு கட்ட ட்ரையல், அரசாங்க ஆய்வு எல்லாம். கடிகாரம் ஓடிட்டே இருக்கும், பத்து வருஷம் கிட்ட அதுலயே போயிடும். இதை சரிக்கட்ட அமெரிக்காவுல 1984ல ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டம் கொண்டு வந்தாங்க, அதிகபட்சம் 5 வருஷம் நீட்டிப்பு, ஆனா அனுமதி கிடைச்ச நாள்லேர்ந்து மொத்தம் 14 வருஷத்தை தாண்டக்கூடாது. ஐரோப்பாவுலயும் 5 வருஷம் வரைக்கும் நீட்டற ஏற்பாடு இருக்கு.

இந்த கடிகார விஷயத்துக்கு ஒரு பக்கவிளைவு இருக்கு, என்னை கேட்டா இந்த மொத்த விவாதத்துலயும் ரொம்ப குறைவா பேசப்படற விஷயம் அது தான். சீக்கிரம் ரிசல்ட் தெரியற ட்ரையல்னா விக்கறதுக்கு அதிக வருஷம் மிஞ்சும், பத்து வருஷம் காத்திருந்தா தான் பலன் தெரியும்ங்கற ட்ரையல்னா எதுவும் மிஞ்சாது. புடிஷ், ராய்ன், வில்லியம்ஸ்னு மூணு ஆய்வாளர்கள் 2015ல கேன்சர் ட்ரையல்களை எடுத்து பார்த்தாங்க. முத்திப்போன, நோயாளி சில மாசமே இருப்பார்ங்கற கட்டத்துக்கான ட்ரையல் குவிஞ்சு கிடக்குது, ஆரம்ப கட்ட கேன்சருக்கும் வராம தடுக்கறதுக்கும் ரொம்ப கம்மியா இருக்குது. அறிவியல் காரணமும் ஓரளவு இருக்கலாம் தான். ஆனா சீக்கிரமே பலனை அளக்க வழி இருக்கற ரத்தப் புற்றுநோய் மாதிரி நோய்கள்ல இந்த கோணல் அவ்வளவா இல்லங்கறதையும் அவங்க காட்டினாங்க. பேட்டண்ட் எவ்வளவு ஆராய்ச்சி நடக்கணும்ங்கறதை மட்டும் தீர்மானிக்கல, எந்த ஆராய்ச்சி நடக்கணும்ங்கறதையும் சத்தமில்லாம தீர்மானிக்குது.

மத்த தொழில்ல இவ்வளவு சண்டை இல்லையே, மருந்துக்கு மட்டும் ஏன்?

ஒரு போன்ல ஆயிரக்கணக்கான பேட்டண்ட் இருக்கும், எல்லாரும் எல்லாருடையதையும் மீறிட்டு கடைசியில பேசி தீத்துப்பாங்க. முதல்ல சந்தைக்கு வந்ததாலயே லாபம் பாத்துடலாம். மருந்துல அந்த ஆட்டம் நடக்காது. கண்டுபிடிக்க பத்து பன்னண்டு வருஷம் ஆகும், காப்பி அடிக்க ஒரு நல்ல வேதியியல் டீமுக்கு சில மாசம் போதும், மாத்திரையை ஆராய்ஞ்சாலே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும், அதனால ரகசியமா வெச்சுக்கவும் வழியில்ல. மேன்ஸ்ஃபீல்டுங்கற பொருளாதார நிபுணர் 1986ல ஒரு ஆய்வு வெளியிட்டார், அமெரிக்க கம்பெனிகள் கிட்ட பேட்டண்ட் இல்லாட்டி எத்தனை கண்டுபிடிப்பு வந்திருக்காதுன்னு கேட்டதுக்கு மருந்து கம்பெனிகள் ஏறத்தாழ 60 சதவீதம்னு சொன்னாங்க, பல தொழில்கள்ல அந்த எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இருந்துச்சு. கேட்டது கம்பெனிக்காரங்க கிட்டயே, அவங்க வேற என்ன சொல்வாங்கன்னு நீங்க கேக்கலாம், நியாயம் தான். ஆனாலும் தொழிலுக்கு தொழில் இருக்கற அந்த வித்தியாசம் பொய்யில்ல.

ஒரு புது மருந்துக்கு நிஜமா எவ்வளவு செலவாகுது?

யார் கணக்கு போடறாங்கன்னு பொறுத்து. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 260 கோடி டாலர்னு சொல்லுது, கம்பெனிகள் எப்பவும் தூக்கி காட்டற நம்பர் இது தான். அதுல கையிலேர்ந்து போன பணம் ஏறத்தாழ 140 கோடி, மீதி "இந்த பணத்தை வேற எங்கயாவது போட்டிருந்தா என்ன கிடைச்சிருக்கும்"ங்கற கணக்கு. தோத்துப்போன மருந்துகளோட செலவும் உள்ள இருக்கு, அது சரியான முறை தான், ஏன்னா முதல் கட்ட ட்ரையலுக்குள்ள போற பத்து மருந்துல ஒண்ணு தான் கடைசி வரைக்கும் வருது. ஜாமாங்கற மருத்துவ இதழ்ல 2020ல வந்த இன்னொரு ஆய்வு வெளிப்படையா கிடைக்கற கணக்கு வழக்கை வெச்சு பார்த்து, நடு மதிப்பு 98.5 கோடி டாலர்னு சொன்னுச்சு.

எந்த கணக்கை எடுத்தாலும் பெரிய தொகை, அதுல சண்டை வேண்டாம். ஆனா "இவ்வளவு செலவாச்சு அதனால தான் இந்த விலை"ங்கற வாதம் மட்டும் என்கிட்ட எடுபடாது. ஹெபடைடிஸ் சி நோயை குணப்படுத்தற சோவால்டி மாத்திரை 2013ல அமெரிக்காவுல ஒண்ணு 1000 டாலர், 12 வார சிகிச்சைக்கு 84,000 டாலர். அமெரிக்க செனட்டோட நிதிக்குழு 18 மாசம் விசாரிச்சு, ஆராய்ச்சி செலவை வெச்சு விலை போடல, வருமானம் எவ்வளவு அதிகமா வரும்னு பார்த்து போட்டிருக்காங்கன்னு 2015ல அறிக்கை குடுத்துச்சு. அதே மருந்தை, அதை விக்கற கிலியட் கம்பெனி 2014ல இந்திய ஜெனரிக் கம்பெனிகளுக்கு (அதே மருந்தை பிராண்ட் இல்லாம மலிவா செய்யறவங்க) லைசென்ஸ் குடுத்து 91 நாடுகளுக்கு ரொம்ப கம்மி விலையில போக வழி பண்ணுச்சு, அதையும் சொல்லணும். சந்தை எவ்வளவு தாங்கும்ங்கறது தான் விலை.

அடிப்படை ஆராய்ச்சிக்கு காசு போடறது அரசாங்கம் தானே, அப்புறம் கம்பெனிக்கு எதுக்கு பேட்டண்ட்?

பாதி சரி. 2010லேர்ந்து 2016 வரைக்கும் அமெரிக்காவுல அனுமதி வாங்கின 210 புது மருந்துகளை எடுத்து பார்த்த ஒரு ஆய்வு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி அந்த நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தோட பணத்துல நடந்த ஆராய்ச்சி இருக்குன்னு காட்டுச்சு. ஆனா அந்த பணத்துல பெரும்பங்கு நோய் எப்படி வேலை செய்யுது, எந்த புரதத்தை குறி வைக்கணும்ங்கற அடிப்படை அறிவுக்கு போனது. அங்கேர்ந்து ஆயிரக்கணக்கான பேர் மேல ட்ரையல் நடத்தி மருந்தா ஆக்கறது பெரும்பாலும் கம்பெனி பணம்.

டாக்ஸால் கதை இதுல சுவாரசியமானது. பசிபிக் யூ மரத்தோட பட்டையிலேர்ந்து கிடைச்ச கேன்சர் மருந்து, கண்டுபிடிச்சதும் ஆரம்ப ட்ரையல் நடத்தினதும் அமெரிக்க அரசாங்கத்தோட தேசிய புற்றுநோய் நிறுவனம். மாலிக்யூலுக்கு பேட்டண்டே கிடையாது. பிரிஸ்டல்-மையர்ஸ் கிட்ட குடுத்தாங்க, 1992 கடைசியில அனுமதி கிடைச்சுது, 5 வருஷ தனி விற்பனை பாதுகாப்பு மட்டும் இருந்துச்சு, அதுலயே அந்த காலத்துல உலகத்துலயே அதிகமா விக்கற கேன்சர் மருந்தா ஆயிடுச்சு. பேட்டண்ட் இல்லாமலும் ஒரு கம்பெனி ஒரு மருந்தை கையில எடுக்கும்ங்கறதுக்கு இது சாட்சி, ஆனா ரிஸ்க்ல பெரிய பங்கை ஏற்கனவே பொதுப்பணம் தாங்கிடுச்சுங்கறதையும் மறக்கக்கூடாது.

பேட்டண்ட் இல்லாமயே மருந்துத் தொழில் வளர்ந்த நாடு இருக்கா?

இருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல. ஜெர்மனியில 1877 சட்டத்துலேர்ந்து 1968 வரைக்கும் மருந்துப் பொருளுக்கே பேட்டண்ட் குடுக்கல, தயாரிக்கற முறைக்கு மட்டும் தான் குடுத்தாங்க, பாயரும் ஹெக்ஸ்ட்டும் அந்த காலத்துல தான் உலகப் புகழ் வாங்கினாங்க. சுவிட்சர்லாந்து பொருளுக்கு பேட்டண்ட் குடுக்க ஆரம்பிச்சது 1977ல, இத்தாலி 1978ல. பேட்டண்ட் வந்த அப்புறமாவது இத்தாலியில ஆராய்ச்சி பாய்ஞ்சுதான்னு ஷெரர், வெய்ஸ்பர்ஸ்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் பார்த்தாங்க, அப்படி ஒண்ணும் தெரியலன்னு 1995ல எழுதினாங்க.

பேட்டண்ட் எதிர்ப்பாளர்கள் இதோட நிறுத்திடுவாங்க. நான் நிறுத்த மாட்டேன், ஏன்னா ஜெர்மன், சுவிஸ் கம்பெனிகள் சொந்த நாட்ல பாதுகாப்பு இல்லாட்டியும் பொருள் பேட்டண்ட் குடுத்த அமெரிக்கா மாதிரி பெரிய சந்தையில பேட்டண்ட் வாங்கி சம்பாதிச்சுட்டு தான் இருந்தாங்க. எல்லா நாடும் ஒரே நேரத்துல பேட்டண்ட்டை எடுத்துட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இந்த உதாரணம் பதில் சொல்லாது.

இந்தியா இதை விட தெளிவான சோதனை. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959ல குடுத்த அறிக்கையை ஒட்டி 1970ல சட்டம் வந்து 1972ல அமலாச்சு, மருந்துப் பொருளுக்கு பேட்டண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் 7 வருஷம். 2005 வரைக்கும் அப்படியே போச்சு. அந்த காலத்துல இந்திய கம்பெனிகள் மாத்து வழியில மாலிக்யூலை செய்யறதுல புலியா ஆனாங்க, உலகத்துக்கே ஜெனரிக் சப்ளை பண்ற அளவுக்கு வளர்ந்தாங்க. ஆனா முழுக்க புது மாலிக்யூல்னு உலக சந்தைக்கு போனது விரல் விட்டு எண்ணற அளவு கூட வராது. பணம் எந்த பக்கம் பாயணும்னு சட்டம் சொல்லுச்சோ, திறமை அந்த பக்கம் பாய்ஞ்சுது.

எவர்கிரீனிங்னு சொல்றாங்களே, அது என்ன?

முதல் பேட்டண்ட் காலாவதி ஆகற நேரத்துல அதே மருந்து மேல சின்ன சின்ன மாற்றத்துக்கு புது பேட்டண்ட் வாங்கி காலத்தை இழுக்கறது. குத்தகை முடிஞ்ச வீட்டுக்கு, போன வருஷம் போட்ட கதவுக்கும் ஜன்னலுக்கும் மட்டும் தனி வாடகை கேட்டு யாரையும் உள்ள விடாம நிக்கற மாதிரி.

அசிடிட்டிக்கு குடுக்கற ஒமெப்ரசோல் ரொம்ப பேருக்கு தெரிஞ்ச உதாரணம். அது ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கற ரெண்டு வடிவத்தோட கலவை. 2001ல அமெரிக்காவுல அதோட பேட்டண்ட் முடிய இருந்த நேரத்துல அந்த ரெண்டுல ஒண்ணை மட்டும் பிரிச்சு ஈஸோமெப்ரசோல்னு அதே கம்பெனி இறக்குச்சு, நெக்ஸியம்ங்கற பேர்ல. கொஞ்சம் பலன் கூடன்னு காட்டின ட்ரையல்ல ஒப்பிட்டது 20 மில்லிகிராம் பழசோட 40 மில்லிகிராம் புதுசை. இதுக்கு மேல நான் என்ன சொல்றது.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஹுமிரா தான். மூட்டுவாதம் மாதிரி நோய்களுக்கு போடற ஊசி. அமெரிக்காவுல முதன்மை பேட்டண்ட் 2016ல முடிஞ்சுது, ஆனா அப்வீ கம்பெனி அந்த ஒரு மருந்தை சுத்தி 100க்கு மேல பேட்டண்ட் வாங்கி வெச்சிருந்துச்சு. போட்டி கம்பெனி ஒவ்வொண்ணா கோர்ட்ல உடைக்கணும்னா எத்தனை வருஷம், எத்தனை கோடி ஆகும், அதனால எல்லாரும் சமாதானமா போயிட்டாங்க. ஐரோப்பாவுல 2018லயே பயோசிமிலர், அதாவது இந்த மாதிரி ஊசி மருந்தோட ஜெனரிக் மாதிரியான நகல், வந்து விலை சரிஞ்சுது, அமெரிக்காவுல 2023 ஜனவரி வரைக்கும் வரல. 2022ல மட்டும் ஹுமிரா விற்பனை 2,100 கோடி டாலரை தாண்டுச்சு. இந்த நாலு வருஷத்துக்கு மேலான இடைவெளியில நோயாளிக்கு புதுசா ஒரு மருந்து கிடைச்சுதா? வக்கீல் ஆபீஸ்ல போட்ட உழைப்பு லேப்ல போட்டிருந்தா என்ன வந்திருக்கும்னு தோணாம இருக்காது.

இதை தடுக்க சட்டத்துல வழி இருக்கா?

இருக்கு, இந்திய பேட்டண்ட் சட்டத்தோட 3(டி) பிரிவு உலகம் முழுக்க பேசப்படறது. தெரிஞ்ச ஒரு பொருளோட புது வடிவத்துக்கு பேட்டண்ட் வேணும்னா அது நோயை குணப்படுத்தற திறன்ல நிஜமாவே கூடுதலா இருக்குன்னு காட்டணும். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துல நோவார்ட்டிஸ் இமாட்டினிபோட பீட்டா கிரிஸ்டல் வடிவத்துக்கு கேட்டுச்சு, சென்னை பேட்டண்ட் அலுவலகம் 2006ல மறுத்துச்சு, வழக்கு மேல மேல போய் 2013 ஏப்ரல் 1ம் தேதி உச்ச நீதிமன்றமும் முடியாதுன்னு சொல்லிடுச்சு. உடம்புல கூடுதலா சேருது, ஈரத்துல கெடாம இருக்குன்னு எல்லாம் வாதாடினாங்க, அதெல்லாம் நல்ல குணம் தான், ஆனா நோய் கூடுதலா குணமாகுதான்னு காட்டலையேன்னு கோர்ட் கேட்டுச்சு. மாச செலவு கிளிவெக்குக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், ஜெனரிக்குக்கு 8,000லேர்ந்து 10,000.

இந்த இடத்துல ஒண்ணு கவனிக்கணும், இமாட்டினிப் ஒரு மகத்தான கண்டுபிடிப்பு, மரண தண்டனையா இருந்த ஒரு நோயை தினம் மாத்திரை போட்டு சமாளிக்கற நோயா மாத்துச்சு. அந்த கண்டுபிடிப்புக்கு பரிசு குடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல. கேள்வி கிரிஸ்டலுக்கு இன்னொரு பரிசு வேணுமாங்கறது மட்டும் தான்.

அப்ப பின்னாடி வர மாற்றம் எல்லாமே ஏமாத்து வேலையா?

கிடையாது. குளிர்பெட்டி தேவைப்படற மருந்தை சாதாரண அறையில வெச்சுக்கற மாதிரி மாத்தறது, தினம் போடற ஊசியை மாசம் ஒரு தடவையா ஆக்கறது எல்லாம் நோயாளி வாழ்க்கையையே மாத்தும், அதுக்கும் உழைப்பு வேணும்.

ஆனா வேடிக்கை என்னன்னா, அப்படிப்பட்ட ஒரு முக்கியமான முன்னேற்றத்தை பேட்டண்டே தடுத்திருக்கு. எச்ஐவிக்கு மூணு மருந்தை சேர்த்து சாப்பிடணும், மூணையும் ஒரே மாத்திரையில போட்டா நோயாளி விடாம சாப்பிடுவார், இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின், மூணும் மூணு கம்பெனி கையில இருந்துச்சு, யாரும் யாருக்கும் விட்டுக்குடுக்கல. பொருள் பேட்டண்ட் இல்லாத இந்தியாவுல சிப்லா மூணையும் ஒரே மாத்திரையா 2001ல கொண்டு வந்துச்சு, டிரையோமியூன்னு. அந்த வருஷம் தான் சிப்லா தலைவர் யூசுப் ஹமீத் வருஷத்துக்கு 350 டாலருக்கு மூணு மருந்தும் தரேன்னு அறிவிச்சார், அப்ப பிராண்ட் விலை 10,000 டாலருக்கு மேல. விலையை பத்தி எல்லாரும் பேசறாங்க, அந்த மாத்திரையே ஒரு கண்டுபிடிப்புங்கறதை யாரும் பேசறதில்ல. பிற்பாடு 2010ல மெடிசின்ஸ் பேட்டண்ட் பூல்னு ஒரு அமைப்பு வந்து, கம்பெனிகள் கிட்ட லைசென்ஸ் வாங்கி ஒரே இடத்துல சேர்த்து வெச்சு ஜெனரிக் கம்பெனிகளுக்கு குடுக்க ஆரம்பிச்சுது, இந்த சிக்கல் ஓரளவு அவிழ்ந்துச்சு.

ஒரே மாதிரி மருந்தை பத்து கம்பெனி செய்யறது வீண் தானே?

எப்பவும் இல்ல. லிப்பிட்டார்ங்கற கொலஸ்ட்ரால் மருந்து வந்தப்ப அதே வகையில (ஸ்டாட்டின்னு பேர்) ஏற்கனவே நாலு மருந்து சந்தையில இருந்துச்சு, ஆனா அது அதிக சக்தியானதா இருந்துச்சு. பத்து மருந்து இருந்தா ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு இன்னொண்ணு ஒத்துக்கும், விலைப் போட்டியும் வரும். எனக்கு இதுல பெரிய புகார் இல்ல.

பேட்டண்ட் எந்த நோய்க்கு உதவவே உதவாது?

விலை குடுக்க முடியாதவங்களுக்கு வர நோய் முதல்ல. ஆப்பிரிக்க தூக்க நோய்க்கான ஃபெக்சினிடசோல் மாலிக்யூலை ஹெக்ஸ்ட் கம்பெனி 1980கள்லயே பாதியில விட்டுடுச்சு. டிஎன்டிஐங்கற லாப நோக்கில்லாத அமைப்பு 2005 வாக்குல அதை தூசி தட்டி எடுத்து சனோஃபியோட சேர்ந்து ட்ரையல் நடத்தி, 2018ல ஐரோப்பிய மருந்து அமைப்போட ஒப்புதல் வாங்குச்சு. அதுக்கு முன்னாடி ஊசியும் ஆஸ்பத்திரி படுக்கையும் தேவைப்பட்ட நோய்க்கு இப்ப வெறும் மாத்திரை.

ரெண்டாவது ஆன்டிபயாடிக். புது ஆன்டிபயாடிக் வந்தா அதை முடிஞ்ச வரைக்கும் பயன்படுத்தாம பத்திரமா வைக்கணும், இல்லாட்டி கிருமி பழகிடும். பேட்டண்ட்ல லாபம் வரணும்னா நிறைய விக்கணும். ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? அகேயோஜன்னு ஒரு அமெரிக்க கம்பெனி பிளாசோமைசினுக்கு 2018 ஜூன்ல அனுமதி வாங்குச்சு, 2019 ஏப்ரல்ல திவால். பேட்டண்ட் கையில பத்திரமா இருந்துச்சு, அதை வெச்சு என்ன பண்றது? இங்கிலாந்துல இதுக்கு ஒரு வேற வழி பாத்தாங்க, எவ்வளவு விக்குதுன்னு பார்க்காம ரெண்டு ஆன்டிபயாடிக்குக்கு 2022ல வருஷ சந்தா மாதிரி பணம் குடுக்க ஆரம்பிச்சாங்க, ஒவ்வொண்ணுக்கும் 1 கோடி பவுண்டு வரைக்கும்.

மூணாவது, பேட்டண்ட் முடிஞ்சு போன பழைய மருந்துல புது பயன். கோவிட் காலத்துல வென்டிலேட்டர்ல இருந்தவங்களோட மரணத்தை மூணுல ஒரு பங்கு கிட்ட குறைச்சது டெக்ஸாமெத்தசோன், பல பத்தாண்டா இருக்கற மலிவான ஸ்டீராய்டு. 2020 ஜூன்ல அதை நிரூபிச்சது ஆக்ஸ்ஃபோர்டு நடத்தின ரெகவரி ட்ரையல், பொதுப்பணத்துல. எந்த கம்பெனிக்கும் அதை சோதிக்க காரணமே கிடையாது, நிரூபிச்சா எல்லாரும் விப்பாங்களே.

ஜெனரிக் கம்பெனிக்கே காசு குடுத்து சும்மா இருக்க வைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம் தான். பேட்டண்ட் வழக்கு நடக்கும்போது பிராண்ட் கம்பெனி எதிர்ல இருக்கற ஜெனரிக் கம்பெனிக்கு பணம் குடுத்து சமாதானம் பண்ணிக்கும், ஜெனரிக் சில வருஷம் கழிச்சு தான் வரும். தன் பேட்டண்ட் மேல உறுதியான நம்பிக்கை இருக்கறவன் எதுக்கு காசு குடுக்கறான்? ஆண்ட்ரோஜெல்ங்கற மருந்து பத்தின வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013ல, இந்த மாதிரி ஒப்பந்தம் போட்டியை ஒழிக்கற சட்டவிரோத செயலா இருக்கலாம், விசாரிக்கலாம்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் நேரடியா பணம் கைமாறறது குறைஞ்சுது, வேற வடிவம் கண்டுபிடிச்சாங்க.

அரசாங்கம் கட்டாய லைசென்ஸ் குடுத்தா கம்பெனிகள் புது மருந்து செய்யறதை நிறுத்திடுமா?

கட்டாய லைசென்ஸ்னா, பேட்டண்ட் வெச்சிருக்கற கம்பெனி சம்மதிக்காட்டியும் வேற கம்பெனி அந்த மருந்தை செய்ய அரசாங்கம் குடுக்கற அனுமதி. இந்தியா 2012 மார்ச்ல பாயரோட நெக்ஸவார்ங்கற கேன்சர் மருந்துக்கு நாட்கோ கம்பெனிக்கு கட்டாய லைசென்ஸ் குடுத்துச்சு. பாயர் விலை மாசம் 2,80,000 ரூபாய், நாட்கோ விலை 8,800, பாயருக்கு விற்பனையில 6 சதவீத ராயல்டி, அப்பீல்ல அது 7 ஆச்சு. உலகம் இடிஞ்சு விழல. அதுக்கப்புறம் வந்த ரெண்டு விண்ணப்பத்தை பேட்டண்ட் அலுவலகம் தள்ளிடுச்சு, ஆக கேக்கறவனுக்கெல்லாம் குடுக்கற விஷயமும் இல்ல.

ஆனா பயம் முழுக்க கற்பனைன்னும் சொல்ல மாட்டேன். தாய்லாந்து கட்டாய லைசென்ஸ் குடுத்தப்ப 2007ல அபாட் கம்பெனி அந்த நாட்ல பதிவு பண்ண இருந்த புது மருந்துகளோட விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுச்சு. இன்னொரு பக்கம் பாருங்க, 2001ல ஆந்த்ராக்ஸ் கடித பயம் வந்தப்ப அமெரிக்க அரசாங்கமே சிப்ரோ மருந்து பேட்டண்ட்டை மீறுவோம்னு மிரட்டி பாயர் கிட்ட விலையை குறைச்சுது. மத்தவங்களுக்கு பாடம் எடுக்கற நாடு தனக்குன்னு வந்தப்ப அதிகம் யோசிக்கல. சிறிய சந்தையில கட்டாய லைசென்ஸ் குடுத்தா உலக அளவுல ஆராய்ச்சி குறையாது, ஏன்னா லாபம் வர்றதே பணக்கார நாடுகள்லேர்ந்து தான், இது என் கணிப்பு.

பேட்டண்ட்டை தூக்கிட்டா மறுநாளே மலிவா கிடைக்குமா?

மாத்திரைன்னா ஏறத்தாழ அப்படித்தான். தடுப்பூசி, ஊசி மருந்து மாதிரி உயிரியல் மருந்துன்னா (பெரும்பாலும் உயிரணுக்களை வெச்சு தயாரிக்கறது) நடக்காது. மாடர்னா 2020 அக்டோபர்லயே பெருந்தொற்று காலத்துல எங்க கோவிட் பேட்டண்ட்டை வெச்சு யார் மேலயும் வழக்கு போட மாட்டோம்னு சொல்லிடுச்சு, ஆனாலும் யாராலயும் உடனே செய்ய முடியல, செய்முறை நுணுக்கம் பேட்டண்ட் காகிதத்துல இருக்கறதில்ல. கேப் டவுன்ல இருக்கற ஆஃப்ரிஜன் கம்பெனி மாடர்னாவோட உதவி இல்லாம பொதுவா கிடைச்ச தகவலை வெச்சு அதே மாதிரி ஒண்ணை லேப் அளவுல 2022 தொடக்கத்துல செஞ்சு காட்டுச்சு, பெரிய சாதனை, ஆனா அந்த நேரத்துக்குள்ள உலகம் பாதி ஊசி போட்டு முடிச்சிடுச்சு.

பேட்டண்ட் இல்லாமலும் ஏகபோகம் வரும்ங்கறதையும் சொல்லிடறேன். ட்ரையல் தகவலை மத்தவங்க பயன்படுத்தக்கூடாதுங்கற பாதுகாப்பு தனியா இருக்கு, அமெரிக்காவுல புது மாலிக்யூலுக்கு 5 வருஷம், உயிரியல் மருந்துக்கு 12 வருஷம். கௌட் நோய்க்கு நூத்தாண்டு கணக்குல பயன்படுத்தற கோல்சிசினை 2009ல ஒரு கம்பெனி முறைப்படி ட்ரையல் நடத்தி தனி விற்பனை உரிமை வாங்குச்சு, மாத்திரை 9 சென்ட்லேர்ந்து 4.85 டாலருக்கு போச்சு.

பேட்டண்டுக்கு பதிலா வேற என்ன பண்ணலாம்?

முழுசா மாத்தற ஒரே வழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பரிசுத்தொகை குடுத்துட்டு மருந்தை பொதுவுல விடற யோசனை நல்லா இருக்கு, ஆனா பரிசு எவ்வளவுன்னு முடிவு பண்றது யார்ங்கற இடத்துல சிக்கும். முன்கூட்டியே வாங்கறதா வாக்கு குடுக்கற முறை நியூமோகாக்கல் தடுப்பூசிக்கு 2009லேர்ந்து 150 கோடி டாலர்ல நடந்து ஏழை நாடுகளுக்கு சீக்கிரம் போய் சேர்ந்துச்சு. ஆன்டிபயாடிக்குக்கு சந்தா சரியா வரும். ஏழைகளோட நோய்க்கு பொதுப்பணம், டிஎன்டிஐ மாதிரி அமைப்பு. மாலிக்யூல் பேட்டண்ட்டை நான் தொட மாட்டேன், பின்னாடி வர பேட்டண்டுக்கு 3(டி) மாதிரி ஒரு வடிகட்டி எல்லா நாட்லயும் வேணும்.

ஒரு மருந்தோட பேட்டண்ட் எப்ப முடியுதுன்னு எங்க பாக்கறது? தப்பான பேட்டண்ட்டை சாதாரண ஆள் எதிர்க்க முடியுமா?

அமெரிக்காவுக்கு ஆரஞ்சு புக்னு ஒரு பட்டியல் இருக்கு, உயிரியல் மருந்துக்கு பர்ப்பிள் புக். ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு மெடிசின்ஸ் பேட்டண்ட் பூல் நடத்தற மெட்ஸ்பால்ங்கற இணையதளத்துல மருந்து பேரை போட்டா நாடு வாரியா வரும், இலவசம் தான். ஒரு தேதியை பார்த்துட்டு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, மாலிக்யூலுக்கு ஒரு தேதி, உப்புக்கு ஒரு தேதி, முறைக்கு ஒரு தேதின்னு வரும், கடைசி தேதி எது மேலங்கறதை பாருங்க.

எதிர்க்கலாம். இந்தியாவுல பேட்டண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் எதிர்ப்பு மனு போடலாம். மருந்துக்கு கட்டுப்படாத டிபிக்கான பெடாக்விலின்ல அதோட உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட பேட்டண்ட்டை எதிர்த்து 2019ல மனு போட்டவங்கள்ல டிபியிலேர்ந்து பிழைச்சு, பழைய மருந்தோட பக்கவிளைவால கேட்கற திறனை இழந்த ரெண்டு பெண்கள் இருந்தாங்க, ஒருத்தர் இந்தியா, ஒருத்தர் தென்னாப்பிரிக்கா. 2023 மார்ச்ல பேட்டண்ட் அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரிச்சுது, முதன்மை பேட்டண்ட் அதே வருஷம் ஜூலையில முடிஞ்சுது, இல்லாட்டி 2027 வரைக்கும் இழுத்திருக்கும்.